ஆதரவா, எதிர்ப்பா?

ஜனவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்றைக்கு அந்த மரியாதை எனக்கு வரவில்லை. போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ கத்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். போன தடவை அதுதானே நடந்தது? கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

நேற்று கடைக்கு ஒரு வேன் வந்தது. பின்சீட்டுக்குப் புது ரெக்ஸின் போட வேண்டும். பழைய உறையை உரித்தபோது இடுக்கில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. ‘கஞ்சாச் சட்டத்தைத் திருத்து! சிறு பொட்டலத்துக்குச் சிறை எதற்கு? அரசின் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஆதரவு தெரிவியுங்கள்!’ கீழே சில பெயர்கள். அதில் உன் பெயர், வேதியியல் ஆசிரியர் என்ற பட்டத்தோடு.

உன் அத்தான் செத்த அன்று ரெக்ஸின் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த லாரி அவரை அடித்துப் போட்டுவிட்டது. டிரைவர் ரத்தத்தில் கஞ்சா இருந்தது என்று கோர்ட்டில் படித்தபோது நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அதே கையால் இதில் கையெழுத்துப் போட்டாயா? ரோஷம் என்று ஒன்று உனக்கு இருக்கிறதா இல்லையா?

உன் மனைவி சௌக்கியமா? உன் பிள்ளை வாலு எப்படி இருக்கிறான்? அத்தான் நினைவு நாளுக்கு வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட லீவெல்லாம் இந்தக் கடையில் ஸ்பான்ஜ் குவியல்மேல் உருண்டு கிடந்த பிள்ளை. மாமா என்றால் உயிர். அவன் போன்கூட எடுப்பதில்லை. காலேஜில் அவ்வளவு பெரிய மனிதனாகிவிட்டானா?

இப்படிக்கு,
அக்கா

---

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மெஷினை மிதித்துக்கொண்டே இருக்காதே, மோட்டார் வைத்துக்கொள்.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். அத்தானை மறந்துவிட்டுப் போடவில்லை. போதையில் வண்டி ஓட்டுகிறவனை விட்டுவிடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவனுக்கு இப்போதிருக்கும் தண்டனை இருக்கட்டும். நாங்கள் கேட்பது வேறு. மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவனையும், விடுதி அறையில் ஒரு விரல் அளவு பொட்டலம் வைத்திருந்த பையனையும் இந்தச் சட்டம் ஒரே கூண்டில் ஏற்றுகிறது. கடத்துகிறவன் வக்கீல் வைத்து வெளியே வந்துவிடுகிறான். பையன் உள்ளேயே கிடக்கிறான். இருபது வயதில் ஜெயிலுக்குப் போனவன் வெளியே வந்து என்ன ஆவான்? யார் வேலை கொடுப்பார்கள்? அபராதம் போடு, புத்தி சொல்லு, வைத்தியம் பாரு. கூண்டில் அடைக்காதே. இவ்வளவுதான் எங்கள் கோரிக்கை.

இதை ஆற அமர யோசித்துப் பார். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அன்புத் தம்பி

---

பிப்ரவரி 8

தம்பிக்கு,

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. வயிறுதான் எரிகிறது.

ஆற அமர யோசித்தேன். பக்கத்துக் கடை எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன். “உங்க தம்பிக்கு என்னக்கா வந்துச்சு? படிச்சவங்கதான் இப்படிக் கெடுத்துவிடறது” என்றார். மருந்துக் கடைக்காரர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, “எங்கப்பா வலியில துடிச்சப்ப அதான் கொடுத்தோம். வெளிய சொல்லாதீங்க” என்றார். ரெண்டு பேரும் கருத்துக்கேட்பில் எதிர்ப்பு என்றுதான் சொல்லப்போகிறார்களாம். மருந்துக் கடைக்காரருமா என்று கேட்டேன். “ஊர்ல எல்லாரும் சொல்றதத்தான நானும் சொல்லணும்?” என்றார். ஊர் வாய் ஒன்று, வீட்டு வாய் ஒன்று.

நேற்று லாரி முதலாளி கடைக்கு வந்தார். உன் அத்தானை அடித்த லாரி அவருடையதுதான். சாவுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுத மனிதர். சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு குழு கூடியிருக்கிறது. அதற்கு அவர்தான் தலைவர். “மேடையில நீங்க பேசணும்மா. நாங்க நூறு பேர் பேசறதும் சரி, நீங்க ஒரு வார்த்தை பேசறதும் சரி” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். உன் நோட்டீஸுக்கு என்னால் முடிந்த பதில்.

‘எல்லோரும் நலம்’ என்று எழுதியிருந்தாய். அந்த எல்லோரில் வாலுவும் உண்டா? அவனைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தேன். ஒரு வரி எழுத முடியவில்லையா உனக்கு?

அக்கா

---

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

அந்த மேடையில் ஏறாதே. அந்த ஆளை நம்பாதே. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இது. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாலு வெளியூரில் இருக்கிறான். படிப்பு அதிகம். போன் பேச நேரமில்லை.

தம்பி

---

மார்ச் 6

தம்பிக்கு,

நான் நலம். மேடை ஏறினேன்.

உன் அத்தான் படத்தைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக அடித்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். தோளில் என் கை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தப் படம் போடலாம் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

மைக்கைப் பிடித்தேன். அதற்கே கைதட்டினார்கள். “என் வீட்டுக்காரர் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்” என்றேன். கைதட்டினார்கள். அப்புறம் எனக்குள் இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “அது நேர் ரோடு. பட்டப் பகல். டிரைவர் பிரேக்கையே மிதிக்கலைன்னு சொன்னாங்க. ஏன் மிதிக்கல?” உடனே முதலாளி எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். “கஞ்சா! அதான் காரணம்!” என்று கத்தினார். கூட்டம் விசிலடித்தது, தம்பி. என் புருஷன் செத்ததற்கு விசில்.

வெளியே வந்தபோது ஒரு பெண் என் எதிரில் வந்து நின்றாள். அந்த டிரைவரின் மனைவி. கோர்ட்டில் பார்த்த முகம். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா” என்றாள். “நான் உனக்கு அக்கா முறையா? தள்ளிப் போடி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து வேலை ஓடவில்லை. இன்று ஒரு கார் சீட்டை அளவு தப்பாக வெட்டிவிட்டேன்.

வெளியூர் என்றால் எந்த ஊர்? விலாசம் அனுப்பு. அவனுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அக்கா

---

ஏப்ரல் 14

தம்பிக்கு,

பதிலே இல்லை. மேடை ஏறியதற்குத் தண்டனையா? சரி, நான் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்.

டிரைவரின் மனைவி கடைக்கே வந்துவிட்டாள். “திட்டணும்னா திட்டிக்குங்க, கேட்டுட்டுத் திட்டுங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கஞ்சா அடிக்க மாட்டாருன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அடிப்பாரு. அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தப்ப, ஒரு கல்யாண வீட்டுல அடிச்சாரு. வண்டில அடிக்கல. அன்னிக்கு அவரு ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல்னு தூங்காம ஓட்டிட்டு இருந்தாரு. ‘கண்ணு சொக்குது, ஓரமாப் போட்டுத் தூங்கிக்கறேன்’னு முதலாளிக்குப் போன் பண்ணாரு. ‘சரக்கு இன்னிக்கு எறங்கலன்னா, நீ நாளைக்கு வேலைக்கே வர வேணாம்’னு சொன்னாரு அவரு. அப்புறம் கண்ணைத் தொறந்தப்ப உங்க வீட்டுக்காரரு கீழ கிடந்தாரு. ஸ்டேஷன்ல முதலாளி ஆளுங்க வந்து, ‘ரத்தத்துல எப்படியும் கஞ்சா வந்துருச்சு. அதோட நிறுத்திக்க. தூக்கம், போன்னு வாயத் தொறந்தா உன் குடும்பத்த யாரும் பாத்துக்க மாட்டாங்க’ன்னாங்க. இவரும் வாயத் தொறக்காம ஜெயிலுக்குப் போயிட்டாரு. அவங்களும் எங்களப் பாத்துக்கல.”

நான் நம்பவில்லை. அன்று மாலை அந்த லாரிக் கம்பெனி டிரைவர் ஒருவர் சீட் தைக்க வந்தார். போகிற போக்கில் கேட்பதுபோல, “உங்க கம்பெனில டிரைவருங்களைத் தூங்க விடுவாங்களா?” என்றேன். அவர் சிரித்தார். “தூக்கமா? ரிட்டையர் ஆனப்புறம் மொத்தமாத் தூங்கிக்கலாம்னு சொல்லுவாரு முதலாளி.”

கேட்டாயா தம்பி? அந்த ஆள் என் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தான். என்னை மேடையில் நிற்கவைத்தான். ஏன் பிரேக் மிதிக்கவில்லை என்று நான் கேட்டபோது மைக்கைப் பிடுங்கியது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. கஞ்சா அடித்துச் சில நாள் கழித்தும் ரத்தத்தில் இருக்குமா? உனக்குத்தான் தெரியும், வேதியியல் ஆசிரியர் ஆயிற்றே. இதற்காவது பதில் போடு.

அக்கா

---

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் போடாமல் இருந்தது தப்பு.

ஆமாம், இருக்கும். சிலருக்குப் பல நாள் தங்கும். ரத்தத்தில் அதன் சுவடு இருப்பதனால் மட்டும் அந்த நேரத்தில் அவன் போதையில் இருந்தான் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு இருந்தது என்று பார்க்க வேண்டும். அன்று கோர்ட்டில் அதை யாரும் கேட்கவில்லை.

அக்கா, அந்தப் பெண் சொன்னதன் அருமை உனக்குத் தெரியவில்லை. உங்கள் ஊர்க் கருத்துக்கேட்பு ஜூன் கடைசியில். செத்தவரின் மனைவியே எழுந்து, “காரணம் கஞ்சா இல்லை, இந்தச் சட்டம் உண்மையான குற்றவாளியை மறைத்துவிட்டது” என்று சொன்னால் எங்கள் பக்கம் ஜெயித்தது மாதிரி. எங்கள் குழுவில் சொன்னேன், எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். ஒரு பக்க அளவுக்குப் பேச்சு எழுதி அனுப்பட்டுமா?

உன் அன்புத் தம்பி

---

மே 15

தம்பி என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு,

துள்ளிக் குதித்தார்களா? நன்றாகக் குதிக்கட்டும். அவன் என் புருஷன் பிணத்தை அந்தப் பக்கம் இழுக்கிறான், நீ இந்தப் பக்கம் இழு.

இனி என் பெயரைச் சொல்லாதே, படத்தைக் கழற்று என்று முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன். டிரைவர் தூக்கத்தைப் பற்றியும் கேட்டேன். அவன் முகம் மாறவே இல்லை. “யாரோ உங்களைக் கெடுத்துட்டாங்க. உங்க தம்பிதான? அவரு பேசாம வேற என்ன பண்ணுவாரு? பெத்த புள்ளயே கஞ்சா கேஸுல உள்ள இருக்கானே, ஸ்டேஷன்ல சொன்னாங்க” என்றான். நான் முழித்ததைப் பார்த்து, “ஐயையோ, உங்களுக்குத் தெரியாதாம்மா?” என்று உச்சுக்கொட்டினான். பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

வாலு ஜெயிலில் இருக்கிறான் என்பதை எனக்கு அந்த வாய்தான் சொல்ல வேண்டுமா?

உன் மனைவிக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டே எந்த ஜெயில் என்று சொன்னாள். மறுநாள் கடையை மூடிவிட்டுப் போனேன். வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, கம்பிவலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். மொட்டையடித்த மாதிரி முடி. தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிகிறது. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான். “டேய் வாலு, உட்காருடா” என்று அதட்டினேன். உட்கார்ந்தான்.

“மன்னிச்சுக்கங்க அத்தை. மாமா செத்ததே இதனாலதான். நான் போய் அதையே...” என்றான்.

“மாமா செத்தது இதனால இல்ல. அதை அப்புறம் சொல்றேன். நீ எப்படி மாட்டின?”

விடுதி அறையில் மூன்று பேராம். ஒரு பொட்டலம். மற்ற இரண்டு பேரின் அப்பாக்களும் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார்களாம், கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். பொட்டலம் இவன் கணக்கில் நின்றுவிட்டது.

“உங்கப்பா வரலையா?”

“போன் பண்ணேன் அத்தை. ‘உங்க அத்தை முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்’னாரு. வெச்சுட்டாரு. இங்க அம்மா மட்டும்தான் வருவாங்க. அப்பா ஒரு தடவைகூட வரல.”

அப்புறம் ஒன்று சொன்னான்.  “அப்பா நோட்டீஸ் இங்கயும் வந்துச்சு. ஒரு வார்டர் காட்டினாரு. ‘விடுதி அறையில் பிடிபட்ட ஒரு பையன்’னு போட்டிருந்துச்சு. எல்லாரும் அவனைப் பாவம்னு சொன்னாங்க. அது நான்தான்னு நான் சொல்லல. அப்பாவே சொல்லலையே.”

என் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றாயா? என்னை எதற்கடா இதற்குள் இழுத்தாய்? நான் உன்னைப் போகாதே என்று தடுத்தேனா? நான் அவனைத் தூக்கி வளர்த்தவள். நீ சொல்லியிருந்தால் உன்னை நாலு அறை அறைந்திருப்பேன், அப்புறம் உனக்கு முன்னால் நான் ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நோட்டீஸ் அடித்தாய். பெற்ற பிள்ளையை வெளியூரில் படிக்கவைத்தாய். அந்த லாரிக்காரனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்கிறேன். அவன் பிறத்தியாரின் பிள்ளையை மாட்டிவிட்டான், நீ பெற்ற பிள்ளையை ஒளித்தாய்.

பேச்சு எழுதி அனுப்பாதே. எனக்கு வாய் இருக்கிறது.

---

ஜூன் 3

அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நமஸ்காரம். நீங்கள் ஜெயிலுக்குப் போய் வந்ததிலிருந்து பிள்ளை சாப்பிடுகிறான் என்று வார்டர் சொன்னார். அதற்கு உங்கள் காலில் விழ வேண்டும்.

உங்கள் கடிதத்தை அவர் படித்தார். மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.  மூன்றாம் நாள், “நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?” என்று கேட்டார். இத்தனை மாதமாக என்னிடம் கேட்காத கேள்வி. “ஆமா” என்றேன். சமையலறையிலிருந்து நான் வெளியே வரவே இல்லை. வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பேன் அண்ணி.

அக்கம்பக்கத்தில், பள்ளிக்கூடத்தில், அவருடைய குழுவில், ஒருவருக்கும் தெரியாது. யாராவது வந்தால் பிள்ளையின் அறைக் கதவைச் சாத்தி வைப்பேன். என்னையும் பொய் சொல்லப் பழக்கிவிட்டார். வேறென்ன எழுதுவது? உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

---

ஜூலை 2

தம்பிக்கு,

இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அதனால் எழுதுகிறேன். சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே.

கருத்துக்கேட்பு நடந்தது. பெரிய மண்டபம், காற்றாடி ஓடவில்லை. மேடையில் அதிகாரிகள் மூன்று பேர். கீழே ஒரு குமாஸ்தா, பேசுகிறவர்களின் கருத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். டிரைவரின் மனைவியும் வந்து கடைசியில் நின்றாள். முதலாளி முன்வரிசையில்.

என் முறை வந்தது. “என் வீட்டுக்காரரைக் கொன்னது தூக்கம். தூங்க விடாதவரு இதோ உட்கார்ந்திருக்காரு” என்று கையை நீட்டிச் சொன்னேன். கூச்சல். அதிகாரி மணியடித்தார். “தலைப்புக்கு வெளிய பேசாதீங்கம்மா” என்றார். “இதுதாங்க தலைப்பு. கஞ்சாங்கற பேரைச் சொல்லித்தான இவரு தப்பிச்சாரு? அதே பேரைச் சொல்லி என் தம்பி பையனை அடைச்சு வெச்சிருக்கீங்க. கஞ்சா நல்லதுன்னு நான் சொல்ல வரல. என் வீட்டுப் பிள்ளை அடிச்சா நானே முதுகுல வைப்பேன். அதுக்கு எதுக்குங்க ஜெயிலு?” என்றேன்.

குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல், “ஆதரவா, எதிர்ப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

“நான் இப்ப சொன்னதை எழுதுங்க” என்றேன்.

“அதுக்கு இதுல இடமில்லம்மா.”

அதற்குள் மைக்கை அடுத்த ஆள் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்று பேப்பரில் வந்திருக்கிறது: பெரும்பாலோர் எதிர்ப்பாம். ‘விபத்தில் கணவரை இழந்த பெண் ஒருவரும் உருக்கமாக எதிர்ப்புத் தெரிவித்தார்.’ பேப்பரைக் கிழித்துப் போட்டேன். அந்த ஆபீஸுக்குப் போனேன். திருத்த முடியாதாம், மேலே அனுப்பியாகிவிட்டதாம்.

இப்போது அந்தக் கம்பெனி லாரி ஒன்றுகூட என் கடைப் பக்கம் வருவதில்லை. வராமல் போகட்டும். டிரைவரின் மனைவியும் நானும் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தோம். கேஸைத் திரும்ப எடுப்பது கஷ்டம் என்றார். கஷ்டம் என்றுதான் சொன்னார், முடியாது என்று சொல்லவில்லை.

அக்கா

---

ஜூலை 24

அக்காவுக்கு,

வணக்கம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

எங்கள் ஊர்க் கருத்துக்கேட்பு போன வாரம் நடந்தது. எழுதிக்கொண்டு போன தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். “நோட்டீஸில் உள்ள விடுதிப் பையன் என் மகன். அவன் கூப்பிட்டபோது நான் போகவில்லை” என்றேன். என் குழுத் தலைவர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஒருவன், “அதான பார்த்தேன், சொந்த ஆதாயம்!” என்று கத்தினான். பள்ளியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும். எங்கள் ஊரிலும் எதிர்ப்புத்தான் அதிகம். சட்டம் இந்த வருடம் மாறாது.

மறுநாள் ஜெயிலுக்குப் போனேன். காத்திருந்தேன். வார்டர் உள்ளே போய்விட்டு வந்து, “பையன் வர மாட்டேங்கறான் சார்” என்றார். அப்பா வந்திருக்கிறேன் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். “சொன்னதாலதான் சார் வர மாட்டேங்கறான்” என்றார்.

திரும்பி வந்துவிட்டேன். இனி என்ன செய்வது, சொல்.

தம்பி

---

ஜூலை 30

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க மாட்டாய், தெரியும்.

ஏன் திரும்பி வந்தாய்? அவன் உனக்காகக் காத்திருந்த அளவு நீ காத்திருந்தாயா? வர மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. எழுந்து வர உனக்கு உரிமை இல்லை. அடுத்த பார்வை நாளுக்கும் போ. அதற்கடுத்ததற்கும் போ. வார்டர் உன்னைப் பார்த்து அலுத்துப் போகட்டும்.

என்றைக்காவது ஒருநாள் அவன் வந்து உட்காருவான். அப்போது சட்டம், நோட்டீஸ், கூட்டம், மன்னிப்பு என்று ஆரம்பித்துவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. “சாப்பிட்டியாடா?” என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவன் திட்டுவான். முழுதாகத் திட்டி முடிக்கட்டும்.

அக்கா